பாத்திர எண் ஏழும் இரண்டு கரண்டி சோடாவும்

அடுப்பில் வைத்த பாத்திரம் என்றைக்காவது ஒரு நாள் அடிப்பிடிக்கும். பிடித்தால் தேய்க்க வேண்டும். தேய்த்தும் போகாவிட்டால் இரண்டு கரண்டி சமையல் சோடாவைத் தூவி, கறை மூழ்கத் தண்ணீர் விட்டு, பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, ஆறின பிறகு மரக்கரண்டியால் நெம்பினால் ஏடு ஏடாகக் கிளம்பி வந்துவிடும். மூன்று பிள்ளைகளை வளர்த்த எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு அறுபத்துநாலு பக்கம் ஆகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

ஒரு அலுவலகத்தின் சமையலறையில் டீ போடுவது என் வேலையாக இருந்தது. பதினோரு வருஷமாகத் தற்காலிகம். அந்த அலுவலகம் என்ன வேலை செய்கிறது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. ஒரு தடவை கண்காணிப்பாளரிடம் கேட்டேன். "ஒருங்கிணைக்கிறோம்மா" என்றார். எதை என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். அறுபது பேருக்குக் காலை பத்தரைக்கு ஒரு டீ, மதியம் மூன்றரைக்கு ஒரு டீ. அது தவறாமல் நடந்ததால் ஒருங்கிணைப்பும் தவறாமல் நடந்தது.

போன வருஷம் என்னை நிரந்தரம் ஆக்கலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டே நிபந்தனை. எனக்கு ஐம்பத்தைந்து வயது முடிவதற்குள் ஆணை கைக்கு வந்துவிட வேண்டும். "இவர்மீது எந்த விசாரணையும் நிலுவையில் இல்லை" என்று அலுவலகம் ஒரு தாள் தர வேண்டும். ஐம்பத்தைந்து, கடிதம் வந்த அதே மாதம் இருபத்தெட்டாம் தேதி முடிகிறது. நிரந்தரம் ஆனால் பென்ஷன் உண்டு, பிள்ளைகள் கையை எதிர்பார்க்க வேண்டாம். என் பிள்ளைகள் நல்லவர்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஒன்றாம் தேதி முழங்கால் வலிக்க வலிக்க உட்கார்ந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

மூன்றாம் தேதி தூய்மை வாரம் ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கு எல்லோரும் முற்றத்தில் நின்று தூய்மை உறுதிமொழி எடுக்க வேண்டும். நான் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். கண்காணிப்பாளர் கதவுக்குள் தலையை நீட்டினார்.

"அம்மா, வாங்க வாங்க. உறுதிமொழி."

"பால் வச்சிருக்கேன் சார். இந்தா பொங்கிடும்."

"ஒருத்தர் குறைஞ்சாலும் அறிக்கையில நூறு சதவீதம்னு போட முடியாதும்மா. சிம்ல வச்சுட்டு வாங்க. ரெண்டே நிமிஷம்."

உறுதிமொழி நாலு பக்கம் இருந்தது. "எனது சுற்றுப்புறத்தையும், எனது பணியிடத்தையும், எனது எண்ணங்களையும்..." எண்ணங்களுக்கு வரும்போதே எனக்குத் தீய்ந்த வாசனை வந்துவிட்டது. ஆனால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். கையை இறக்கினால் தூய்மைக்கு எதிராக இறக்கினதாக ஆகிவிடும். அது முடிந்து படம் எடுத்தார்கள். முதல் படத்தில் இயக்குநர் கண்ணை மூடியிருந்தார். இரண்டாவதிலும் மூடியிருந்தார். மூன்றாவதில் அவர் திறந்திருந்தார், நாங்கள் அறுபது பேரும் மூடியிருந்தோம். அதற்குள் புகை முற்றத்துக்கு வந்திருந்தது.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பால் போனது போகட்டும். அடியில் நாலு விரல் அகலத்துக்குப் பிடித்திருந்தது. ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. அலமாரியைத் திறந்து சோடா டப்பாவை எடுத்தேன். மூடியைத் திருகும்போது பின்னால் ஒரு குரல்.

"நிறுத்துங்க!"

ஸ்டோர்காரர். அலுவலகத்தில் இருக்கும் ஒவ்வொரு நாற்காலிக்கும் கரண்டிக்கும் எண் போட்டு வைத்திருப்பவர். கையில் தடித்த பதிவேடு.

"இது பாத்திர எண் ஏழு. அரசாங்கச் சொத்து. இதோட நிலைமை மாறியிருக்கு. பதியாம கை வைக்கக் கூடாது."

"பதிஞ்சுக்குங்க சார். நான் தண்ணி ஊத்தறேன்."

அவர் பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினார். முகம் வாடிவிட்டது. "நல்ல நிலை, உடைந்தது, தொலைந்தது. மூணே கட்டம்தான் இருக்கு. அடிப்பிடிச்சதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

"அதுக்குத்தான் சார் சொல்றேன். அரைமணி நேரத்துல தேச்சுட்டா நல்ல நிலைதான்."

"அரைமணி நேரம் அது எந்தக் கட்டத்துல இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தெரியாததை இரண்டு பேருமாகச் சேர்ந்து கண்காணிப்பாளரிடம் எடுத்துக்கொண்டு போனோம்.

கண்காணிப்பாளர் நல்ல மனுஷர். குரலை உயர்த்தமாட்டார். ஒரு புதுக் கோப்பை எடுத்து, அட்டையை ஊதித் துடைத்து, அழகான எழுத்தில் தலைப்பு எழுதினார்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா. விசாரணை வச்சாத்தான் விசாரணை முடிஞ்சுதுன்னு தாள் குடுக்க முடியும்."

"வைக்கவே இல்லேன்னா, இல்லைன்னே குடுத்துடலாமே சார்?"

"இல்லைன்னு சொல்றதுக்கும் ஒரு ஆதாரம் வேணுமேம்மா" என்றார் வருத்தத்தோடு.

பாத்திரத்தைத் துணியால் மூடி, சணல் கட்டி, கையெழுத்துப் போட்ட காகிதம் ஒட்டினார்கள். விசாரணை முடியும்வரை பத்துக் கோப்பை கொள்ளும் சின்னப் பாத்திரத்தில் ஆறு தடவை டீ போடச் சொன்னார்கள். கடைசி வரிசைக்குக் காலை டீ போய்ச் சேரும்போது முதல் வரிசை மதிய டீக்கு வந்து நின்றது.

எட்டாம் தேதி விசாரணைக் குழு வந்தது. கண்காணிப்பாளர், ஸ்டோர்காரர், மூன்றாவதாகக் கட்டடப் பிரிவு இன்ஜினியர். கறை என்பது ஒரு பரப்பு, பரப்பு என்றால் கட்டடப் பிரிவு என்று அவரைச் சேர்த்திருந்தார்கள். அவர் டேப்பை விரித்துக் குனிந்தார்.

"தென்கிழக்குல நாலு விரற்கடை."

ஸ்டோர்காரர் எழுதிக்கொள்ள வசதியாகப் பாத்திரத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"இப்ப வடமேற்குக்குப் போயிடுச்சு சார்" என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பாத்திரத்தின் விளிம்பில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு அம்பு போட்டு அதை வடக்கு என்று தீர்மானித்தார்கள். அதற்கு மதியம் ஆகிவிட்டது.

பிறகு நிறம். "பழுப்புன்னா இயற்கையான தேய்மானம். கறுப்புன்னா கவனக்குறைவு" என்றார் கண்காணிப்பாளர். இன்ஜினியர் சுவருக்குப் பூசும் பெயின்ட் அட்டையைக் கொண்டுவந்து கறையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இலையுதிர்கால மாலை" என்று ஒரு நிறம் இருந்தது, "நள்ளிரவு வெல்வெட்" என்று இன்னொன்று. கறை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பத்து நாள் கழித்து மறுபடி பார்ப்பதென்று ஒத்திவைத்தார்கள். அந்தப் பத்து நாளும் நான் இலையுதிர்கால மாலைக்காக வேண்டிக்கொண்டேன்.

அவர்கள் எழுந்திருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். "சார், ரெண்டு கரண்டி சோடா போட்டா போயிடும். டப்பா இங்கயே இருக்கு."

ஸ்டோர்காரர் டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது உணவுப் பொருள்ல வந்திருக்கு. வாய்க்குள்ள போறது உணவுப் பொருள், தரையில ஊத்தறது துப்புரவுப் பொருள். உணவுப் பொருளை எடுத்துத் துப்புரவு பண்ணினா முறைகேடு."

"அப்ப துப்புரவுப் பொருளைப் போட்டுத் தேய்க்கட்டுமா?"

"டீ போடற பாத்திரத்துலயா? ஃபினாயிலா? என்னம்மா நீங்க, படிச்சவங்க மாதிரியா பேசறீங்க?"

நான் படித்தவள் இல்லை என்று சொல்லி அவரைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை.

நடுவில் இயக்குநர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது டையும் சூட்டும். வரும்போது கசங்கின பருத்திச் சட்டை, கழுத்தில் மரமணி, தண்ணீருக்கு மண்பானை. அலுவலகமே இனி இயற்கை வழிக்கு மாற வேண்டும் என்றார். அடுத்த நாளே பாதிப்பேர் கசங்கின சட்டையில் வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையைக் கசக்குவதற்காகச் சிலர் அரைமணி முன்னாலேயே எழுந்ததாகக் கேள்வி.

பதினைந்தாம் தேதி இயற்கைத் தூய்மை ஆலோசகர் என்று ஒரு மேடத்தை வரவழைத்தார். சாக்குத்துணியில் உடுப்பு, தோளில் கோணிப்பை. என் பாத்திர எண் ஏழைத்தான் பாடத்துக்கு நடுவில் வைத்தார்கள். சணலை அவிழ்க்க மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

"தேய்ப்பது ஒரு வன்முறை" என்று மேடம் மெல்லிய குரலில் ஆரம்பித்தார். "இந்தப் பாத்திரம் ஏதோ சொல்ல வருகிறது. நாம் கேட்டிருக்கிறோமா?"

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடிப் பாத்திரத்துக்குச் செவி கொடுக்க வேண்டும் என்றார். கண்ணை மூடச் சொன்னால் எனக்கு வேறொன்றும் தெரியாது. கடவுளே, இருபத்தெட்டுக்குள் இதை முடித்துக் கொடு, இந்த மேடத்துக்கு யாராவது நல்ல துணியில் ஒரு உடுப்பு வாங்கிக் கொடுக்கட்டும் என்று வேண்டினேன். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கள்! இந்த அம்மா ஒருவர்தான் உண்மையில் கேட்டார்" என்றார் மேடம். "பாத்திரம் என்ன சொன்னது?"

"சோடா கேட்டுதும்மா" என்றேன்.

சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. கோணிப்பையிலிருந்து தக்கை போட்ட ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். உள்ளே வெள்ளைத் தூள். மலையடிவாரத்து மௌனத்தில் உருவானது, பெயர் "வெண்மூச்சு" என்றார். குப்பி கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷமாகப் பழகின ருசி. சோடா.

"மேடம், இதைத்தானே நான்..."

"ஷ்ஷ்" என்றார் இயக்குநர்.

அந்தக் குப்பியைப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்து, ஒன்றோடொன்று பழகட்டும் என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். இரண்டும் நான்கு நாள் பழகின. கறை அப்படியே இருந்தது.

பதினெட்டாம் தேதி கூட வேண்டிய குழுவும் கூடவில்லை. இன்ஜினியர் விடுப்பில் போயிருந்தார். இருபதாம் தேதி வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பெரிய மகள் வந்திருந்தாள்.

"எத்தனை பக்கம் ஆச்சும்மா?"

"அறுபத்துநாலு."

"உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரைமணி நேரம்."

"அப்ப என்னம்மா யோசிக்கிற? யாரும் வர்றதுக்கு முன்னாடி போய்த் தேச்சு வச்சுடு. கறை இருந்தாத்தானே விசாரணை? கறையே இல்லேன்னா எதை விசாரிப்பாங்க?"

பெற்ற பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவளும் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் இல்லை.

மறுநாள் விடிந்ததும் போனேன். சணலை அவிழ்த்தேன். மனசு உறுத்தியதால் அலமாரி டப்பாவைத் தொடாமல், வீட்டிலிருந்தே சோடா கொண்டுபோயிருந்தேன். தூவி, தண்ணீர் விட்டு, கொதிக்க வைத்தேன். நுரைத்துக்கொண்டு வந்தது. ஆற வைத்து நெம்பினேன். பெரிய பொருக்காகக் கிளம்பியது. கடைசியில் ஈரத்துணியில் கொஞ்சம் சோடா தொட்டுத் துடைத்தேன். அடியில் என் முகம் தெரிந்தது. பதினெட்டு நாளில் கொஞ்சம் வயசாகியிருந்தது.

பத்து மணிக்குப் பூகம்பம்.

"இது அந்தப் பாத்திரம் இல்லை" என்றார் ஸ்டோர்காரர்.

"அதேதான் சார். தேச்சேன்."

"கோப்புல இருக்கிற ஏழாம் எண் பாத்திரத்துல தென்கிழக்கே நாலு விரற்கடைக் கறை இருக்கு. இதுல இல்லை. ஆக ஏழாம் எண் தொலைஞ்சுபோச்சு." பதிவேட்டை ஆசையோடு திறந்தார். "தொலைந்ததுக்குக் கட்டம் இருக்கு!"

"அப்ப இது எதும்மா?" என்றார் இன்ஜினியர்.

"எண்ணே இல்லாத பாத்திரம். எங்கிருந்து வந்துதுன்னு தனியா விசாரிக்கணும்" என்றார் ஸ்டோர்காரர்.

ஒரு விசாரணைக்கு இரண்டு விசாரணை ஆகிவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்காணிப்பாளர் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அழாதீங்கம்மா. யோசிச்சுப் பாருங்க. இந்தப் பக்கம் அறுபத்துநாலு பக்கம். அந்தப் பக்கம் ஒரு பாத்திரம். எதை மாத்தறது சுலபம்?"

"பாத்திரத்தை."

"அவ்வளவுதான். கோப்புல இருக்கிற மாதிரி கறையை வச்சுக் குடுத்துடுங்க. நான் ஒரே நாள்ல முடிச்சுடறேன்."

கறை வைக்க நேர்மையாக வேண்டிக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பாலை ஊற்றினேன், நெருப்பை வைத்தேன். பக்கத்தில் இன்ஜினியர் டேப்போடு, ஸ்டோர்காரர் பெயின்ட் அட்டையோடு, கண்காணிப்பாளர் கோப்போடு.

"இன்னும் கொஞ்சம் கருகட்டும்மா. இப்ப வெறும் 'தேன் சாரல்'தான் வந்திருக்கு."

"தெற்கால சாய்ச்சுப் பிடிங்கம்மா, கிழக்கே ஓடுது!"

முதல் தடவை ஆறு விரற்கடை ஆகிவிட்டது. மூவரும் பதறினார்கள்.

"சீக்கிரம் எடுங்கம்மா! எதுல போகும் இது?"

"சோடாவுல போகும் சார்."

"எடுங்க எடுங்க, டப்பா எங்க?" ஸ்டோர்காரரே அலமாரியைத் திறந்து டப்பாவை நீட்டினார். நான் தயங்கினேன்.

"உணவுப் பொருளாச்சே சார். துப்புரவு பண்ணினா..."

"துப்புரவு யாரும்மா பண்றது? கறையைச் சரி பண்றோம். போடுங்க!"

போட்டேன். கொதித்தது. கிளம்பியது. இரண்டாம் தடவை வடக்கே பிடித்தது. சோடா. மூன்றாம் தடவை நிறம் பிடிபடவில்லை. சோடா. மூன்று தடவையும் பாத்திரம் அவர்கள் கண்ணெதிரில் கண்ணாடியாக மின்னியது. மூன்று தடவையும் "ச்சே" என்றார்கள். நாலாவது தடவை தென்கிழக்கில், அளந்து வைத்தாற்போல் நாலு விரற்கடை. நிறம் இலையுதிர்கால மாலை. மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எனக்கும் கை கொடுத்தார்கள். காலி சோடா டப்பாவை நானே குப்பையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் குழு தன் முடிவை எழுதியது: "மேற்படிக் கறை, அறியப்பட்ட எந்த முறையாலும் அகற்ற இயலாத தன்மையுடையது எனக் குழு நேரில் கண்டு உறுதி செய்கிறது. நிறம் பழுப்பு. எனவே இயற்கையான தேய்மானம். பணியாளர்மீது தவறில்லை." ஏழாம் எண் கழித்துக் கட்டப்பட்டது. தாள் கிடைத்தது. இருபத்தேழாம் தேதி மாலை நாலே முக்காலுக்கு நான் நிரந்தரம் ஆனேன். அலுவலக வாசலிலேயே நின்று கண்ணை மூடி நன்றி சொன்னேன். இந்தத் தடவை யாரும் என்ன கேட்டது என்று கேட்கவில்லை.

டீ போடுவது தற்காலிகப் பணி என்று விதி இருக்கிறதாம். நிரந்தரமானவர் செய்யக் கூடாது. எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கறை விஷயத்தில் இவ்வளவு அனுபவம் வேறு யாருக்கும் இல்லை என்று பாத்திரக் குழுவில் உறுப்பினராகவும் சேர்த்தார்கள். டீ போட வேறு கிளையிலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். இரண்டு பிள்ளைகள். ஒரு வருஷம் போனது. அவளுக்கும் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் ஐம்பத்தைந்து முடிகிறது என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். பாவம், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த வருஷத் தூய்மை வாரத்தில் ஆள் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. ஒருத்தர் குறைந்தாலும் நூறு சதவீதம் போட முடியாது. சமையலறைக் கதவுக்குள் தலையை நீட்டினேன்.

"பால் வச்சிருக்கேனே அக்கா" என்றாள்.

"சிம்ல வச்சுட்டு வாம்மா. ரெண்டே நிமிஷம்."

திரும்பி வந்து பார்த்தால் புகை. அவள் ஒன்றும் பதறவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, "ரெண்டு கரண்டி சோடா போட்டாப் போயிடும், டப்பா எங்க அக்கா?" என்றாள்.

டப்பா அலமாரியில், சாவி என் இடுப்பில். எடுத்துக் கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் சென்ற வருஷம் எந்த முறையாலும் போகாது என்று எழுதி வைத்திருக்கிறோம். இப்போது போய்விட்டால் அந்தக் கோப்பு என்ன ஆகும்? அந்தத் தாள் என்ன ஆகும்? அந்தத் தாளை வைத்து வந்த என் நாற்காலி?

"நிறுத்தும்மா" என்றேன்.

நல்ல பெண். அவளுக்காகத் தினமும் காலையும் மாலையும் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். கோப்பு இப்போது முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் விட்ட என் கையெழுத்து, எழுத எழுத நன்றாக உருண்டு வருகிறது என்று கண்காணிப்பாளர் சொன்னார்.